முதலில் மின்னழுத்தம், பிறகு வேகம்

வாசகர் கேள்வி – பதில்

கணினியின் செயலி வேலை குறைந்த நேரங்களில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அந்த மாற்றத்தைச் செய்கிற கெர்னல் டிரைவரை (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் நிரலை) எழுதுவது எப்படி என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஏஆர்எம் வகைச் செயலி உள்ள ஒரு சிறு கணினிப் பலகையில் (போர்டில்) லினக்ஸ் கெர்னலை ஓடச் செய்துவிட்டேன். ஆனால் அதன் செயலிக்குள் உள்ள நான்கு கணக்கிடும் அலகுகளும் (கோர்களும்) எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. வேகத்தை மாற்றும் டிரைவரை நாங்களே எழுத விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது, ஐயா? எந்த நேரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டும், எந்த நேரத்தில் குறைக்க வேண்டும் என்பதை டிரைவருக்குள் எப்படிக் கணக்கிடுவது?
— பொறியியல் இறுதியாண்டு மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், இந்த டிரைவரை முதன்முதலாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடம் மாறுகிறார்கள். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை உங்கள் டிரைவர் கணக்கிடவே கூடாது. அந்த முடிவு வேறோர் இடத்தில் எடுக்கப்படுகிறது.

நம் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துப் பாருங்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை ஊர் கூடி முடிவு செய்கிறது. மடையைத் திறக்கிறவர் வேறொருவர். சொன்ன அளவுக்குத் திறப்பதும், உண்மையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வதும்தான் அவருடைய பொறுப்பு. லினக்ஸில் ‘சிபியூஃப்ரீக்’ என்ற துணை அமைப்பு இதே பிரிவினையோடு கட்டப்பட்டிருக்கிறது. அதன் மூலக்கோப்பின் தலைப்பில் 2001ஆம் ஆண்டுக்கு ரஸ்ஸல் கிங்கின் பெயரும், 2002–2003க்கு டொமினிக் புரோடோவ்ஸ்கியின் பெயரும் இருக்கின்றன. முடிவெடுக்கும் பகுதிக்குக் ‘கவர்னர்’ என்று பெயர். ஆயில் என்ஜின் வைத்து இறைத்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. பளு ஏறும்போது எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கிற உறுப்பின் பெயரைத்தான் கெர்னலும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கவர்னர்களில் பல வகை உண்டு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ எப்போதும் உச்ச வேகத்தைக் கேட்கும். ‘பவர்சேவ்’ எப்போதும் மிகக் குறைந்த வேகத்தைக் கேட்கும். ‘யூசர்ஸ்பேஸ்’ பயனர் எழுதித் தந்த வேகத்தைக் கேட்கும். 2004இல் வந்த ‘ஆன்டிமாண்ட்’ குறிப்பிட்ட இடைவெளியில் செயலியின் பளுவை அளந்து கேட்கும். 2016இல் வெளியான 4.7ஆம் பதிப்பில் சேர்ந்த ‘ஷெட்யூட்டில்’, பணிகளைப் பங்கிடுகிற ஷெட்யூலரிடமே பளுவின் அளவை வாங்கி, அந்த விகிதத்தை உச்ச அதிர்வெண்ணால், அதாவது உச்ச வேகத்தின் அளவால், பெருக்கி, அதன்மேல் கால் பங்கு கூட்டிக் கேட்கிறது. உச்சம் 1200 மெகாஹெர்ட்ஸ், பளு பாதி என்றால் அது கேட்பது 750. உங்கள் அட்டவணையில் 600, 800, 1000, 1200 ஆகிய நான்கு வரிசைகள் இருந்தால், 750க்குக் குறையாத மிகச் சிறிய வரிசையான 800 தேர்ந்தெடுக்கப்படும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘இரண்டாவது வரிசைக்கு மாற்று’ என்ற ஒற்றைக் கட்டளை உங்கள் டிரைவரிடம் வந்து சேர்கிறது.

எழுத உட்காரும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் போர்டில் செயலியின் வேகத்துக்கான துடிப்பைத் தருகிற கடிகாரத்துக்கும், மின்னழுத்தத்தைத் தருகிற ரெகுலேட்டருக்கும் கெர்னலில் ஏற்கெனவே டிரைவர்கள் இருக்குமானால், எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற அட்டவணையை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) எழுதினாலே போதும். ‘சிபியூஃப்ரீக்-டிடி’ என்ற பொது டிரைவர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கல்லூரித் திட்டத்துக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அட்டவணையைச் சரியாக எழுதுவதே வேலையின் கடினமான பாதி என்பது என் எண்ணம். கடிகாரத்தைத் தனி ரெஜிஸ்டர்கள் (சில்லுக்குள் உள்ள சிறு கட்டுப்பாட்டு நினைவிடங்கள்) வழியாகவோ, போர்டில் உள்ள வேறொரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லின் வழியாகவோதான் மாற்ற முடியும் என்ற நிலை இருந்தால் மட்டும் சொந்த டிரைவரை எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது நீங்கள் நிரப்ப வேண்டிய செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) நான்கு. ‘இனிட்’ என்பது தொடக்கத்தில் அழைக்கப்படும். அதிர்வெண் அட்டவணையை ஒப்படைப்பதும், எந்தெந்தக் கோர்கள் ஒரே கடிகாரத்தைப் பகிர்கின்றன என்று சொல்வதும், ஒரு மாற்றம் முடிய எத்தனை நானோ விநாடி ஆகும் என்று தெரிவிப்பதும் அதன் வேலை. ‘வெரிஃபை’ என்பது பயனர் கேட்கிற மேல், கீழ் எல்லைகள் அட்டவணைக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பது. இதற்குக் கெர்னலிலேயே ஆயத்தச் செயற்கூறு இருப்பதால் அதைச் சுட்டிவிட்டால் போதும். ‘டார்கெட் இண்டெக்ஸ்’ மாற்றத்தை நிகழ்த்துவது. ‘கெட்’ இப்போதைய அதிர்வெண்ணைச் சொல்வது. இவற்றை ஒரு கட்டமைப்பில் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிரைவரைத்தான் சிபியூஃப்ரீக் ஏற்கும். ஏற்கெனவே வேறொன்று பதிவாகியிருந்தால் உங்களுடையது திருப்பி அனுப்பப்படும்.

உங்கள் நான்கு கோர்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றனவா என்பதைச் சில்லின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே கடிகாரமாக இருந்தும், ‘இனிட்’டில் முதல் கோரை மட்டும் குறித்துவிட்டால், கெர்னல் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் கருதி நான்கு கொள்கைகளை (கோருக்கு ஒன்றாகத் தனித்தனி வேக முடிவுகளை) உருவாக்கிவிடும். முதல் கோர் 1200 கேட்கும். ஓய்வில் உள்ள மூன்றாம் கோர் அடுத்த நொடியே 600 கேட்கும். இரண்டும் ஒரே ரெஜிஸ்டரை மாறிமாறி எழுதும். டிரைவர் எந்தப் பிழையும் காட்டாது. வேகம் மட்டும் காரணமின்றி ஏறி இறங்கும்.

அலகுகளிலும் கவனம் தேவை. சிபியூஃப்ரீக் பேசுவது கிலோஹெர்ட்ஸில். அதே கெர்னலின் கடிகாரப் பகுதி பேசுவது ஹெர்ட்ஸில். ரெகுலேட்டர் பேசுவது மைக்ரோவோல்ட்டில். 1200 மெகாஹெர்ட்ஸ் என்பது ஓரிடத்தில் 12,00,000 என்றும் இன்னோரிடத்தில் 120,00,00,000 என்றும் நிற்கும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தின் கெர்னலில் இதே எண் மெகாஹெர்ட்ஸில் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கவோ வகுக்கவோ மறந்த ஒரு வரி உங்கள் ஒரு வாரத்தைத் தின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு மாறியின் பெயரிலேயே அதன் அலகையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் எழுதிய டிரைவர் 1200 மெகாஹெர்ட்ஸிலிருந்து 600க்கு இறங்கும்போது ஒழுங்காக இருக்கிறது. 600இலிருந்து 1200க்கு ஏறும்போது சில முறை போர்டு உறைந்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. அதிர்வெண்ணை முதலிலும் மின்னழுத்தத்தை அடுத்தும் மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டோம். இப்போது ஏறும்போது பெரும்பாலும் சரியாக இருக்கிறது, இறங்கும்போது உறைகிறது. எந்த வரிசைதான் சரி?
— பாலிடெக்னிக் விரிவுரையாளர், மேலூர்

பதில்: இரண்டு வரிசைகளும் சரி, ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும் சரி. ஏறும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, அது நிலைபெற்ற பிறகு அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும். இறங்கும்போது முதலில் அதிர்வெண்ணைக் குறைத்து, அதன் பிறகே மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கணத்தில் ஓடுகிற வேகத்துக்குத் தேவையான மின்னழுத்தம் சில்லில் இருந்தாக வேண்டும் என்பதே இந்த இரண்டையும் ஆளும் ஒரே விதி.

இதன் காரணத்தை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்களுக்கு வரிசை ஒருபோதும் மறக்காது. செயலிக்குள் ஒரு கணக்கின் விடை, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே, வரிசையாக நிற்கும் பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து மறுமுனையை அடைய வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 1.67 நானோ விநாடி. 1200இல் கிடைப்பது 0.83 நானோ விநாடி. மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகத் திறந்து மூடும். 600க்குப் போதுமான மின்னழுத்தத்தில் 1200க்கு ஏறினால், விடை வந்து சேரும் முன்பே அடுத்த துடிப்பு அடித்துவிடுகிறது. அரைகுறையாக நின்ற எண்ணே விடையாகப் பதிவாகிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து செயலி செய்கிற ஒவ்வொரு கணக்கும் பிழையாக இருக்கலாம். பிழைச்செய்தியை அச்சிடுகிற நிரலையும் அதே செயலிதானே இயக்க வேண்டும்? உங்கள் திரையில் எதுவும் வராததன் காரணம் அதுதான்.

வரிசையைத் திருப்பிய பின்பும் ஏறும்போது ‘பெரும்பாலும்’ சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரும்பாலுமில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கக்கூடும். ரெகுலேட்டர் சில்லுக்குக் கட்டளை எழுதி முடித்த கணமும், மின்னழுத்தம் உண்மையில் உயர்ந்து நின்ற கணமும் ஒன்றல்ல. ஒரு மைக்ரோ விநாடிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் உயரக்கூடிய ரெகுலேட்டர் 300 மில்லிவோல்ட் ஏறுவதற்கு 30 மைக்ரோ விநாடி வேண்டும். அதுவரை காத்திராமல் அதிர்வெண்ணை உயர்த்தினால், வரிசை சரியாக இருந்தும் பயனில்லை. இந்த ஏற்ற வீதத்தை ரெகுலேட்டரின் கையேட்டிலிருந்து எடுத்து டிவைஸ் ட்ரீயில் எழுதிவிட்டால், கெர்னலின் ரெகுலேட்டர் பகுதியே தேவையான நேரம் காத்திருக்கும். அந்த வரி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தோல்வியின் வழியையும் எழுதி வையுங்கள். மின்னழுத்தம் உயர்ந்துவிட்டது, ஆனால் அதிர்வெண்ணை மாற்றும் கட்டளை பிழையோடு திரும்பிவிட்டது என்றால், பழைய அதிர்வெண்ணிலேயே இருந்துகொண்டு மின்னழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். சிபியூஃப்ரீக்கின் எதிர்பார்ப்பும் அதுவே: மாற்றம் தோற்றால் டிரைவர் முன்பிருந்த அதிர்வெண்ணுக்கே திரும்பியிருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல சில்லுகளில் கடிகாரத்தைத் தருகிற பிஎல்எல் சுற்று, புதிய அதிர்வெண்ணில் நிலைகொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அந்த இடைவேளையில் அதிலிருந்து வரும் துடிப்பை நம்ப முடியாது. எனவே செயலியைத் தற்காலிகமாக வேறொரு நிலையான கடிகாரத்துக்கு மாற்றி, பிஎல்எல் நிலைபெற்றதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். இப்படிப்பட்ட இடைநிலை அதிர்வெண்ணுக்கென்றே சிபியூஃப்ரீக்கில் தனிச் செயற்கூறுகள் உள்ளன. அந்த இடைநிலைக் கடிகாரம் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, நீங்கள் 600இலிருந்து கிளம்புகிறீர்கள் என்றால், 800க்குத் தேவையான மின்னழுத்தத்தை அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்ட டிரைவர்களைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வாடிப்பட்டி அருகே ஓர் அரிசி ஆலையில் பொருத்திய கட்டுப்பாட்டுக் கருவிக்கு நான் எழுதிய அட்டவணையில், உச்ச வேகத்தின் மின்னழுத்தத்தைச் சில் தயாரித்தவர்கள் குறித்த அளவைவிட 25 மில்லிவோல்ட் குறைத்திருந்தேன். குளிரூட்டிய அறையில் இரண்டு நாள் இடைவிடாமல் ஓடியதால் அது போதும் என்று நம்பினேன். சித்திரை மாதம் வந்தது. தகரக் கூரையின் கீழே, பகல் 2 மணியையொட்டி மட்டும் கருவி உறைந்தது. மாலையில் யார் போய்ப் பார்த்தாலும் ஒழுங்காக ஓடியது. அந்த மின்னழுத்தத்தில், சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்கள் மெதுவாகின்றன. நான் பிடுங்கிக்கொண்ட 25 மில்லிவோல்ட், வெயில் நேரத்துக்கென்று தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி. ஒரு மனிதர் தினமும் உச்சிவெயிலில் மூட்டைகளுக்கு நடுவே கருவியை அணைத்து அணைத்துப் போட்டதற்கு என் அட்டவணையின் ஓர் எண் காரணமாயிற்று. கையேடு சொல்கிற மின்னழுத்தத்தில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கடையில் பில் போடுகிற கணினிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ‘பவர்சேவ்’ கவர்னரில் போட்டுவிட்டால் மின்கட்டணம் குறையுமா? வேகத்தைப் பாதியாக்கினால் செலவும் பாதியாகிவிடும் அல்லவா?
— வணிகர், டவுன்ஹால் ரோடு, மதுரை

பதில்: பாதியாகாது. ஒரு செயலி இயங்கும்போது எடுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருபடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்கு ஏற்ப அமைகிறது. அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும்; ஆனால் அதே பில்லைப் போட்டு முடிக்க இரு மடங்கு நேரம் ஆகும்; மொத்த ஆற்றலில் எதுவும் மிச்சமில்லை. மிச்சம் கிடைப்பது மின்னழுத்தமும் கூடவே இறங்கும்போதுதான். 1.2 வோல்ட்டில் 1200 மெகாஹெர்ட்ஸ் ஓடும் செயலி 0.9 வோல்ட்டில் 600க்கு இறங்குவதாக வைத்துக்கொண்டால், திறன் ஏறத்தாழ 28 சதவீதமாகவும், ஒரே வேலைக்கான ஆற்றல் 56 சதவீதமாகவும் இறங்கும். ஆனால் கணினி என்பது செயலி மட்டுமன்று. திரையும் வட்டும் மின்னளிப்பானும் வேலை முடியும்வரை விழித்தே இருக்கின்றன. பில் போடுவது போன்ற விட்டுவிட்டு வரும் வேலைக்கு, வேகமாக முடித்துவிட்டு ஆழ்ந்த ஓய்வுக்குப் போவதே பல நேரங்களில் சிக்கனமாக அமையும். ஆகவே இயங்குதளம் தானாக வைத்திருக்கிற கவர்னரை மாற்ற வேண்டாம். இரவில் கடை சாத்தும்போது கணினிகளை அணைப்பது அதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 400, 500, 600 மெகாஹெர்ட்ஸ் மூன்றுக்கும் ஒரே மின்னழுத்தம்தான் என்றால், கீழுள்ள இரண்டு வரிசைகளால் ஆற்றல் மிச்சமாவதில்லை. சூட்டைத் தணிக்க மட்டும் அவை உதவும். சூடு மிகும்போது கெர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதி மேல் எல்லையைத் தானே இறக்கிவிடும், அதற்கென டிரைவரில் ஒரு குறியை இயக்கினால் போதும், தனி நிரல் எழுத வேண்டியதில்லை.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் போர்டில் லினக்ஸ் இல்லாமல் சொந்தமாக ஒரு சிறு கெர்னல் எழுதி வருகிறேன். செயலியின் வேகத்தை உயர்த்தியதும் சீரியல் இணைப்பில் வருகிற எழுத்துகள் எல்லாம் குப்பையாகிவிடுகின்றன. நேரம் கடத்துவதற்காக எண்ணிக்கொண்டிருக்கும் காத்திருப்புச் சுற்றுகளும் சீக்கிரமே முடிந்துவிடுகின்றன. என் டிரைவரில் எங்கே தவறு?
— மென்பொருள் பொறியாளர், கே.கே. நகர், மதுரை

பதில்: வேகத்தை மாற்றுகிற பகுதியில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, அந்த மாற்றம் வேறு யாரையெல்லாம் தொடுகிறது என்பதுதான் விடுபட்டிருக்கிறது.

இந்தப் போர்டில் ஏஆர்எம் கோர்கள் தம் கடிகாரத்தைத் தாமே தொடுவதில்லை. அதே சில்லில் உள்ள வீடியோகோர் என்ற வரைகலைச் செயலியில் ஓடும் ஃபர்ம்வேருக்கு (போர்டோடு வரும் அடிப்படை நிரலுக்கு), ‘அஞ்சல் பெட்டி’ எனப்படும் ரெஜிஸ்டர்கள் வழியாக வேண்டுகோள் அனுப்ப வேண்டும். அந்த வேண்டுகோளில் இருக்க வேண்டியவை: ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணாக 38002 என்ற குறி, கடிகார எண் 3, வேண்டிய அதிர்வெண் ஹெர்ட்ஸில். மின்னழுத்தத்தையும் அதன் வரிசையையும் ஃபர்ம்வேரே கவனித்துக்கொள்கிறது. பதிலில் திரும்பி வருகிற எண்தான் ஃபர்ம்வேர் அமைத்துத் தந்த அதிர்வெண்; நீங்கள் கேட்டதை அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளாமல், வந்ததைச் சேமியுங்கள்.

அதே ஃபர்ம்வேர், ஏஆர்எம் வேகம் ஏறும்போது வீடியோகோரின் மையக் கடிகாரத்தையும் சேர்த்து உயர்த்துகிறது. பை 3இல் முழு யூவார்ட் (சீரியல் இணைப்பை நடத்தும் சுற்று) ப்ளூடூத்துக்குப் போய்விடுவதால், வெளி ஊசிகளில் கிடைப்பது மினி யூவார்ட். அதன் பாட் வேகம், அதாவது எழுத்துகளை அனுப்பும் வேகம், அந்த மையக் கடிகாரத்திலிருந்து வகுத்து எடுக்கப்படுகிறது. கடிகாரம் மாறினால் பாட் வேகமும் மாறும், எழுத்துகள் சிதையும். அமைப்புக் கோப்பில் யூவார்ட்டை இயக்கும் வரியை 1 என்று வைத்தால் மையக் கடிகாரம் 250 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தப்பட்டுவிடும். உங்கள் சிக்கலுக்கு அது எளிய தீர்வு. கடிகார வேண்டுகோளில், டர்போ (உச்ச வேக) அமைப்புகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு புலமும் உண்டு. அதை 1 ஆக்கிக் குறுக்குவழி தேடாதீர்கள், அதனால் மின்னழுத்த உயர்வும் சேர்ந்தே தவிர்க்கப்படும்.

நிலையான தீர்வு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சம்பந்தப்பட்ட பகுதிகளுக்கு அறிவிப்பது. லினக்ஸில் ‘மாறப்போகிறது’, ‘மாறிவிட்டது’ என்ற இரண்டு அறிவிப்புகள் உண்டு. உங்கள் கெர்னலிலும் அப்படி ஒரு பட்டியலை வைத்து, யூவார்ட் டிரைவர் தன் வகு எண்ணைத் திரும்பக் கணக்கிட இடம் கொடுங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும் எழுத்து முடியும்வரை முதல் அறிவிப்பிலேயே காத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

காத்திருப்புச் சுற்றுகளைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் எண்ணி வைத்த சுற்றுகளின் எண்ணிக்கை அந்த வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். வேகம் இரட்டித்தால் 10 மைக்ரோ விநாடி 5 ஆகச் சுருங்கும். ஒரு வன்பொருள் தயாராகும் முன்பே அதைத் தொட்டுவிடுவீர்கள். சுற்று எண்ணுவதையே விட்டுவிட்டு, ஏஆர்எம் வேகத்தால் மாறாத பொது டைமரைப் பயன்படுத்துங்கள். பை 3இல் அது 19.2 மெகாஹெர்ட்ஸில், பை 4இல் 54 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலிகளிலும் நேர முத்திரை எண்ணி (துடிப்புகளை எண்ணி நேரம் காட்டும் ரெஜிஸ்டர்) செயலியின் வேகத்தோடு சேர்ந்து மாறி, இயங்குதளங்களின் நேரக் கணக்கைக் குழப்பியதுண்டு. பின்னால் வந்த செயலிகளில் அந்த எண்ணி ஒரே வேகத்தில் ஓடுமாறு மாற்றப்பட்டது.

கேள்வி: என் மடிக்கணினியின் இன்டெல் செயலியில், ஹெக்ஸ் 199 என்ற ரெஜிஸ்டரில் வேண்டிய வேகத்தை எழுதினால் போதும் என்று படித்தேன். எழுதினேன், எந்த மாற்றமும் இல்லை. ஏன்?
— இளங்கலை மாணவி, உசிலம்பட்டி

பதில்: படித்தது பழைய செயலிகளுக்குச் சரி. 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து, வேகத்தை வன்பொருளே முடிவு செய்யும் வசதி இன்டெல் செயலிகளில் இருக்கிறது. அதை இயங்குதளம் ஒருமுறை இயக்கிவிட்டால், 199இல் எழுதுவதைச் செயலி பொருட்படுத்தாது. மறுதொடக்கம் வரை அந்த வசதியை அணைக்கவும் முடியாது. அதன்பின் பேச வேண்டிய இடம் ஹெக்ஸ் 774 என்ற ரெஜிஸ்டர். அதில் குறைந்தபட்சம், அதிகபட்சம், வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையே எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றைத் தெரிவிக்கலாம். அந்த எல்லைக்குள் செயலி தானே ஏறி இறங்கும். இந்த வகையில் அட்டவணை வரிசையை ஏற்கும் செயற்கூறுக்குப் பதிலாக, எல்லைகளை மட்டும் ஏற்கும் செயற்கூறை டிரைவர் தரும். லினக்ஸில் 2013 முதல் உள்ள ‘இன்டெல் பிஸ்டேட்’ டிரைவரின் மூலக்கோப்பைப் படித்துப் பாருங்கள். அந்த டிரைவரில் ‘பவர்சேவ்’ என்ற பெயர் எப்போதும் மிகக் குறைந்த வேகம் என்று பொருள்படாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டிரைவர் எழுதி முடிந்தது. ‘கெட்’ சரியான எண்ணைக் காட்டுகிறது. இனி வேலை முடிந்ததாகக் கொள்ளலாமா?
— மாணவர் குழு, சோழவந்தான்

பதில்: ‘கெட்’ அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது? கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிறதென்றால், அது எதையும் நிரூபிக்கவில்லை. வன்பொருளின் ரெஜிஸ்டரைப் படித்துச் சொல்லுமாறு முதலில் மாற்றுங்கள்.

அடுத்து, வேகத்தை வெளியிலிருந்து அளக்க வேண்டும். நினைவகத்தைத் தொடாமல், ரெஜிஸ்டர்களுக்குள்ளேயே கூட்டிப் பெருக்கும் ஒரு நீண்ட சுற்றை எழுதுங்கள். நினைவகத்தைத் தொடும் நிரலின் நேரம் செயலியின் வேகத்தை மட்டும் சார்ந்திராது. ‘யூசர்ஸ்பேஸ்’ கவர்னரை வைத்து ஒவ்வொரு வரிசையிலும் அந்தச் சுற்றை ஓட்டி, செயலியின் வேகத்தால் மாறாத டைமரைக் கொண்டு நேரம் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் 20 விநாடி எடுத்தது 1200இல் 10 விநாடி எடுக்க வேண்டும். இரண்டிலும் 20 விநாடியே எடுத்தால், ‘கெட்’ என்ன சொன்னாலும் கடிகாரம் மாறவில்லை.

எல்லா வரிசைகளுக்கும் இடையே தாவிப் பாருங்கள். ஐந்து வரிசைகள் இருந்தால் ஏறியும் இறங்கியும் 20 மாற்றங்கள் உண்டு, அடுத்தடுத்த படிகளை மட்டும் சோதித்தால் அவற்றில் எட்டைத்தான் பார்த்திருப்பீர்கள். எந்த மாற்றம் எத்தனை முறை நடந்தது என்ற கணக்கைச் சிபியூஃப்ரீக்கின் புள்ளிவிவரக் கோப்புகளே தரும். எல்லாக் கோர்களிலும் பளு ஏற்றி வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பிறகு ஒரு கோரை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். போர்டை உறங்கவைத்து எழுப்பியதும், ஃபர்ம்வேர் செயலியைத் தொடக்க வேகத்தில் விட்டிருக்கும். கெர்னலோ பழைய வேகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

இவை அனைத்தையும் குளிரூட்டிய ஆய்வகத்தில் ஒருமுறை முடித்தபின், போர்டை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி, மின்விசிறியில்லாத ஓர் அறையில், கோடை நாளின் பகல் 12 மணியிலிருந்து 4 மணிவரை இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் கிடைத்த அளவுகளை எனக்கு எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் அவற்றை எடுத்துக்கொண்டு பேசலாம்.